பள்ளி மேம்பாட்டில் மாவட்ட நிருவாகிகளுக்கான தலைமைத்துவப் பயிற்சி: நியூயார்க், சான் டியேகோ பட்டறிவுகள்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளி மேம்பாடு பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ஆசிரியரையும் பள்ளித் தலைமையையும் மையமிட்டே அமைகின்றன. பல பள்ளிகளை ஒருங்கே நெறிப்படுத்தும் மாவட்ட நிருவாகிகள் அப்பணிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகின்றனர் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயார்க் நகரின் 2ஆம் சமுதாயப் பள்ளி மாவட்டத்திலும் சான் டியேகோ நகரிலும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், 2014ஆம் ஆண்டுக்குப் பின்னர் மேற்பார்வையாளர் பணி மறுவரையறை செய்யப்பட்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரே தலைவர் ஒரே கொள்கையுடன் மேற்கொண்ட பணி இரு நகரங்களில் இருவேறு விளைவுகளைத் தந்தமைக்கான காரணங்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி மாவட்டம், கற்பித்தல்சார் தலைமைத்துவம், மேற்பார்வை, பணித்திறன் மேம்பாடு, இருவழிப் பொறுப்புடைமை.

1. முன்னுரை

அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது தமிழ்நாட்டு வழக்கில் உள்ள வருவாய் மாவட்டத்தையோ கல்வி மாவட்டத்தையோ ஒத்ததன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. அந்நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு ஒன்று இருக்கும். அக்குழு ‘கண்காணிப்பாளர்’ என்னும் தலைமை நிருவாகியை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தும். கண்காணிப்பாளருக்கும் பள்ளி முதல்வர்களுக்கும் இடையே, பெரிய மாவட்டங்களில், மேற்பார்வையாளர்கள் பணியாற்றுவர்.

இவ்விடைநிலை அலுவலர்களின் பணி நெடுங்காலம் பேருந்து வசதி, கட்டடப் பழுது, பணியாளர் முறையீடு, விதிமுறைகளைப் பின்பற்றும் நிலை ஆகியவற்றைக் கவனிப்பதாகவே இருந்தது. வகுப்பறையில் நிகழும் கற்பித்தல் அவர்களது பார்வைக்கு வெளியே நின்றது. அதனை அவர்களது பணியின் நடுவிடத்திற்குக் கொண்டுவருவதே தலைமைத்துவப் பயிற்சி முயற்சிகளின் பொதுநோக்கமாக அமைந்தது.

2. கோட்பாட்டுப் பின்புலம்

கல்வி நிறுவனங்களைத் ‘தளர்ந்த பிணைப்புடைய அமைப்புகள்’ என்று காரல் வைக் 1976ஆம் ஆண்டில் விளக்கினார். இவ்வமைப்புகளில் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவுக்கும் வகுப்பறையில் நடப்பதற்கும் இடையே உறுதியான தொடர்பு இருப்பதில்லை. இக்கருத்தை ரிச்சர்டு எல்மோர் 2000ஆம் ஆண்டில் வெளியான தமது கட்டுரையில் மேலும் வளர்த்தெடுத்தார். கற்பித்தல் என்னும் மையப் பணியை வெளியார் தலையீட்டிலிருந்து மறைத்துக் காப்பதே நிருவாகத்தின் நடைமுறைத் தொழிலாகிவிட்டது என்பது அவரது கருத்து. அந்நிலையில் நல்ல ஆசிரியர் ஒருவரின் திறன் அவரது வகுப்பறைச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குறையுடைய கற்பித்தலும் அவ்வாறே யாருடைய கண்ணிலும் படாமல் தொடர்கிறது.

இதற்கு மாற்றாக எல்மோர் முன்வைத்தது இருவழிப் பொறுப்புடைமை என்னும் கருத்தாகும். மேலதிகாரி கீழுள்ளவரிடம் எந்த அளவுக்குக் கூடுதல் அடைவை எதிர்பார்க்கிறாரோ, அந்த அளவுக்கு அதனை எட்டும் திறனை அவரிடம் வளர்க்கும் கடமை மேலதிகாரிக்கும் உண்டு என்பதே இதன் சாரம். எனவே, தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று கேட்கும் அலுவலர், அதனை உயர்த்தத் தாம் கற்றுக்கொடுத்தது யாது என்னும் கேள்விக்கும் விடை கூறியாக வேண்டும்.

3. நியூயார்க் 2ஆம் மாவட்டம்

நியூயார்க் நகரின் பள்ளிகள் அக்காலத்தில் 32 சமுதாயப் பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மன்ஹாட்டன் தீவின் செல்வச் செழிப்புமிக்க கிழக்குப் பகுதியையும் சீனக் குடியேறிகள் வாழும் சைனாடவுனையும் ஒருங்கே கொண்டது 2ஆம் மாவட்டம். 1990களில் அங்கு ஏறத்தாழ 22,000 மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் சுமார் பாதிப்பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சார்ந்தவர்கள்.

1987ஆம் ஆண்டில் ஆன்டனி அல்வராடோ இம்மாவட்டத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அப்போது வாசிப்பில் 10ஆம் இடத்திலும் கணிதத்தில் 4ஆம் இடத்திலும் இருந்த மாவட்டம், 1996ஆம் ஆண்டில் இரண்டிலும் 2ஆம் இடத்தை எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்களை எல்மோரும் டியன்னா பர்னியும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அவற்றுள் நிருவாகிகளின் பயிற்சியோடு தொடர்புடையவை வருமாறு:

அ) முதல்வர் கூட்டங்களின் இயல்பு மாறியது. சுற்றறிக்கைகளை வாசித்து விளக்கும் நிகழ்வாக இருந்த மாதாந்திரக் கூட்டம், கற்பித்தல் பற்றிய கூட்டுக் கற்றலுக்குரிய களமாயிற்று. எழுத்தறிவு கற்பித்தலே முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்டது. கணிதம் சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டது.

ஆ) கண்காணிப்பாளரும் துணைக் கண்காணிப்பாளர் இலெய்ன் ஃபிங்கும் பள்ளிகளுக்கு நேரில் சென்று, முதல்வருடன் வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்தனர். முதல்வர் ஆண்டுதோறும் எழுதி அளிக்கும் இலக்குகளும் திட்டங்களும் அப்பார்வைக்கு அடிப்படையாயின. பார்வைக்குப் பின் முதல்வருக்கு ஒரு மடல் அனுப்பப்பட்டது. அடுத்த பார்வை அம்மடலிலிருந்து தொடங்கியது.

இ) அனுபவமிக்க முதல்வர்களோடு புதியவர்கள் இணைக்கப்பட்டனர். ஒரு பள்ளியின் முதல்வரும் ஆசிரியர்களும் மற்றொரு பள்ளிக்குச் சென்று காண்பது இயல்பான நடைமுறையாயிற்று.

ஈ) ஆசிரியர் ஒருவர் தேர்ந்த ஆசிரியரின் வகுப்பறையில் மூன்று வாரங்கள் தங்கிக் கற்க வழி செய்யப்பட்டது. அவ்வாரங்களில் அவரது வகுப்பை ஆயத்தம் பெற்ற மாற்று ஆசிரியர் நடத்தினார். கற்றவர் தம் வகுப்புக்குத் திரும்பிய பின்னும் வழிகாட்டல் தொடர்ந்தது.

இவற்றுக்கு மாவட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தில் சுமார் 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இம்மாற்றம் வலியின்றி நிகழவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முதல் நான்கு ஆண்டுகளுக்குள் முதல்வர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மாற்றப்பட்டனர். மேலும், இவ்வெற்றிக்கான காரணம் குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. டயன் ராவிச் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அக்காலத்தில் மன்ஹாட்டனின் மக்கள்தொகை அமைப்பும் பொருளாதார நிலையும் மாறியதைச் சுட்டி, அடைவு உயர்வு முழுவதையும் நிருவாகச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுவதை ஏற்க மறுக்கிறார்.

4. சான் டியேகோ: பெருக்கிக் காட்டும் முயற்சி

2ஆம் மாவட்டத்தின் முறையை ஆறு மடங்கு பெரிய மாவட்டம் ஒன்றில் நடைமுறைப்படுத்த இயலுமா என்பதற்குச் சான் டியேகோ சோதனைக் களமாயிற்று. சுமார் 1,40,000 மாணவர்களைக் கொண்ட அம்மாவட்டத்தின் கண்காணிப்பாளராக, முன்னர் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றிய ஆலன் பெர்சின் 1998ஆம் ஆண்டில் பொறுப்பேற்றார். கற்பித்தல் துறைக்குத் தலைமை தாங்க அல்வராடோவை அவர் அழைத்துக்கொண்டார்.

பழைய உதவிக் கண்காணிப்பாளர் பதவிகள் நீக்கப்பட்டு, ‘கற்பித்தல் தலைவர்கள்’ என்னும் புதிய பொறுப்பு உருவாக்கப்பட்டது. ஒவ்வொருவரின்கீழும் சுமார் 25 பள்ளிகள் வைக்கப்பட்டன. பயிற்சி அடுக்கடுக்காக அமைந்தது. அல்வராடோ கற்பித்தல் தலைவர்களுக்கும், அவர்கள் முதல்வர்களுக்கும், முதல்வர்கள் ஆசிரியர்களுக்கும் கற்பிப்பதே திட்டம். முதல்வர் பொறுப்புக்கு வருவோரை ஆயத்தம் செய்ய சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. இலெய்ன் ஃபிங்க் அதற்குத் தலைமையேற்றார்.

ஆயினும் நியூயார்க்கில் பதினோர் ஆண்டுகளில் படிப்படியாக வளர்ந்தது, இங்கு மிகக் குறுகிய காலத்தில் மேலிருந்து சுமத்தப்பட்டது. 1999ஆம் ஆண்டில் முதல்வர்களும் துணை முதல்வர்களுமாகப் பதினைவர் திடீரெனப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சீர்திருத்த வரைவுத்திட்டம் கல்விக் குழுவில் மூன்றுக்கு இரண்டு என்னும் வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. அப்பிளவு இறுதிவரை ஆறவில்லை. ஆசிரியர் சங்கத்துடனான முரண் முற்றியது. அல்வராடோ 2003ஆம் ஆண்டிலும் பெர்சின் 2005ஆம் ஆண்டிலும் வெளியேறினர்.

அடைவின் நிலையில் விளைவு கலப்பானதாக இருந்தது. தொடக்கப்பள்ளி மாணவர்களின் வாசிப்பில் முன்னேற்றம் காணப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் அத்தகைய பயன் கிட்டவில்லை. ஹப்பார்டு, மெகான், ஸ்டெய்ன் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதன் உள்ளியக்கத்தைப் புலப்படுத்துகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் பயிற்சியாளர்களே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தனர். தாம் முழுமையாக உள்வாங்காத ஒன்றைக் குறித்த காலத்தில் கீழுள்ளவர்க்குக் கற்பிக்கும் நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. அந்நிலையில், ஏன் என்னும் விளக்கம் உதிர்ந்து, என்ன செய்ய வேண்டும் என்னும் கட்டளை மட்டும் கீழே சென்று சேர்வது எளிது. கற்றலாக மேலே தொடங்கியது கீழே இணங்கிப்போதலாக முடிந்துவிடும்.

5. மேற்பார்வையாளர் பணி: மறுவரையறை

தனியொரு தலைவரை நம்பியிராமல் பணியின் அமைப்பையே மாற்றும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெரடித் ஹோனிக் முதலியோர் நியூயார்க், அட்லாண்டா, ஓக்லாந்து ஆகிய நகரங்களில் மேற்கொண்ட ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயன்தரும் மேற்பார்வையாளர்கள் முதல்வரோடு இணைந்து பணியாற்றுவதையும், செய்து காட்டுவதையும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப உதவியை வேறுபடுத்துவதையும், தேவையற்ற அலுவலகக் கோரிக்கைகளிலிருந்து அவர்களது நேரத்தைக் காப்பதையும் அது இனங்கண்டது.

பெருநகரப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மேற்பார்வையாளர் ஒருவரின் பொறுப்பில் சராசரியாக 24 பள்ளிகள் இருப்பதாகக் காட்டியது. 2014ஆம் ஆண்டில் வாலஸ் அறக்கட்டளை ஆறு பெரிய மாவட்டங்களில் நான்காண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பணி விளக்கத்தை மாற்றி எழுதுதல், ஒருவர் பொறுப்பிலுள்ள பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், தொடர்பயிற்சி அளித்தல், அடுத்த தலைமுறை மேற்பார்வையாளர்களை உருவாக்குதல், மைய அலுவலகத்தைச் சீரமைத்தல் என்பன அதன் ஐந்து கூறுகள். முதல் மூன்றாண்டுகளில் ஒருவரின்கீழ் அமைந்த முதல்வர்களின் எண்ணிக்கை சராசரியாக 17இலிருந்து 12ஆகக் குறைந்தது. மேற்பார்வையாளர்களுக்குரிய எட்டு மாதிரித் தரநிலைகள் 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. கற்பித்தல்சார் தலைவராக முதல்வர் வளர்வதற்கு உதவுவதில் நேரத்தைச் செலவிடுதல் அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது.

இவ்வைந்து கூறுகளில் பயிற்சி ஒன்று மட்டுமே என்பது கருதத்தக்கது. 24 பள்ளிகளைச் சுமக்கும் அலுவலர், சனி ஞாயிறு உட்பட எத்துணைப் பயிற்சி பெற்றாலும், திங்கட்கிழமை கோப்புகளுக்கே திரும்புவார்.

6. பள்ளிப் பார்வை: ஓர் எடுத்துக்காட்டு

இரு அணுகுமுறைகளின் வேறுபாட்டைக் கற்பனையான ஒரு நிகழ்வால் விளக்கலாம். நான்காம் வகுப்பில் ஆசிரியர் பாடப்பகுதியை வாசிக்க, மாணவர்கள் திரும்பச் சொல்கின்றனர். ஆய்வு நோக்கில் வரும் அலுவலர் பாடத்திட்டக் குறிப்பேடு, வருகைப் பதிவேடு, சுவரொட்டிகள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் குறைகளைப் பதிந்து செல்வார்.

வழிகாட்டும் பயிற்சி பெற்ற அலுவலர் முதல்வருடன் பின்வரிசையில் அமர்ந்து, இரண்டு மாணவர்களிடம் அப்பகுதியை அவர்களாகவே வாசித்துப் பொருள் சொல்லுமாறு மெல்லக் கேட்பார். அவர்கள் தடுமாறும் இடத்தை இருவரும் குறித்துக்கொள்வர். வெளியே வந்ததும் தம் முடிவைக் கூறாமல், ‘நீங்கள் கண்டது என்ன?’ என்று முதல்வரிடம் கேட்பார். கண்டவற்றையும் அவை பற்றிய தீர்ப்பையும் பிரித்தறிவது இவ்வுரையாடலின் முதற்படி. அவ்வாசிரியருக்கு எந்த உதவி தேவை, அதனை யார் அளிப்பது, அடுத்த பார்வையில் எதைக் காண்பது என்பன அடுத்தடுத்த படிகள்.

இத்திறன் விரிவுரையால் கைவருவதன்று. தேர்ந்த மேற்பார்வையாளருடன் பள்ளிகளுக்குச் செல்லுதல், ஒரே வகுப்பைப் பலர் கண்டு தத்தம் குறிப்புகளை ஒப்பிடுதல், தாம் முதல்வருடன் உரையாடுவதை மற்றொருவர் கவனித்துக் கருத்துரைக்க இடங்கொடுத்தல் ஆகியவற்றால் அது வளரும். இறுதியாகக் கூறப்பட்டதே கடினமானது; பதவியில் உயர்ந்தவர் கற்பவராக வெளிப்படத் துணிய வேண்டும்.

7. தீராத முரண்

முதல்வரை மதிப்பிடுபவரும் அவருக்கு வழிகாட்டுபவரும் ஒருவராகவே இருக்கலாமா என்பது இத்துறையின் தீராத வினா. தம் பணிநிலையைத் தீர்மானிக்கும் அதிகாரியிடம் தம் அறியாமையை ஒப்புக்கொள்ள எவரும் தயங்குவர். அச்சம் மிகும்போது மெய்ந்நிலை மறைக்கப்படும். ஹோனிக் குழுவினர் ஆராய்ந்த நகரங்களுள் ஒன்றான அட்லாண்டாவில், 2011ஆம் ஆண்டின் மாநில விசாரணை 44 பள்ளிகளில் தேர்வு முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர், முதல்வர் என 178 பேர் அதில் தொடர்புற்றதாகவும் கண்டறிந்தது. மதிப்பெண் உயர்வை மட்டும் கோரும் அழுத்தம், திறன் வளர்ப்புக்கென மேற்கொள்ளப்படும் முயற்சிகளையும் வீழ்த்திவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட பட்டறிவுகளிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன. மாவட்ட நிருவாகிகளின் பயிற்சி கற்பித்தலை உள்ளடக்கமாகக் கொள்ளும்போதே பள்ளியைச் சென்றடைகிறது. பொறுப்பிலுள்ள பள்ளிகளின் எண்ணிக்கையும் அலுவலகச் சுமையும் குறையாத இடத்தில் பயிற்சி பயன்படுவதில்லை. நியூயார்க் முறையின் வடிவத்தைச் சான் டியேகோ பெற்றது. அதற்குத் தேவையான காலத்தையும் நம்பிக்கையையும் பெறவில்லை. அடைவைக் கோருபவர் திறனை வளர்க்கும் கடமையையும் ஏற்காவிடில் சீர்திருத்தம் கட்டளையாகச் சுருங்கிவிடும்.

இம்முறைகளை அப்படியே தமிழ்நாட்டிற்குப் பொருத்துதல் இயலாது. இங்குக் கல்வி அலுவலர்கள் மாநில அரசின் பணியாளர்கள். முதல்வர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ நிதியை விருப்பம்போல் ஒதுக்கும் உரிமையோ அமெரிக்கக் கண்காணிப்பாளருக்கு உள்ளவாறு அவர்களுக்கு இல்லை. எனினும், பள்ளிப் பார்வையை முடித்துச் செல்லும் அலுவலர் பதிவேட்டில் எழுதிச் செல்லும் குறிப்பு, தலைமையாசிரியரின் அடுத்த மாதப் பணிக்கு உதவுகிறதா என்னும் கேள்வி எந்நாட்டிற்கும் பொதுவானது. அக்கேள்விக்கு விடை தேடும் கள ஆய்வுகள் தமிழில் பெருகுமாயின், அலுவலர் பயிற்சியை வடிவமைப்போர்க்கு அவை உறுதுணையாகும்.