ஊரே பாடப் புத்தகம்!

பொருளாதாரம் என்றால் என்ன?

பட்டணத்துக் கல்லூரியில் படிக்கிற பெரிய படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது நமக்கு எட்டாத விஷயம் என்று ஒதுங்கி விடுகிறார்கள்.

நெல் என்ன விலை? பட்டுச் சேலை நெய்தால் என்ன கூலி? கடனுக்கு என்ன வட்டி? இவைதான் பொருளாதாரம். சந்தவாசல் கடைத்தெருவில் நின்று பேசுகிறவர்கள் தினமும் பேசுவது இதைத்தான்!

இதை நம் மாணவர்களுக்கு முதலில் எடுத்துக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

விடுமுறையில் ஒரு வேலை

1915ஆம் ஆண்டில் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இந்தியப் பொருளாதாரத்துக்கு அங்கே அவர்தான் முதல் பேராசிரியர். அதற்கு முன் இங்கிலாந்தில், தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கில நாட்டுக் குடியானவர்கள் ஊர்ப் பொது நிலங்களை இழந்த கதையை ஆராய்ந்து 1907இல் புத்தகம் எழுதியவர்.

அந்தக் காலத்து மாணவர்கள் இங்கிலாந்தின் ஆலைகளைப் பற்றியும், லண்டன் பாங்குகளைப் பற்றியும் மனப்பாடம் செய்தார்கள். சொந்த ஊரில் ஏர் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டால் பதில் வராது!

ஸ்லேட்டர் ஒரு வழி செய்தார். கேள்விகளை அச்சடித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? இதற்கெல்லாம் விடை எழுதி வாருங்கள்" என்பதுதான் அவர் கொடுத்த வேலை.

ஊரில் எத்தனை குடும்பம்? நிலம் யாரிடம் இருக்கிறது? என்ன தொழில்? கடன் எவ்வளவு? இப்படிப் போயின கேள்விகள்.

மாணவர்கள் எழுதி வந்தவை 1918இல் புத்தகமாக வெளிவந்தன. தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றின் வாழ்க்கை அதில் பதிவாகி விட்டது.

பக்கத்து ஊர் தூசி

அந்த கிராமங்களில் ஒன்று தூசி. அன்று வட ஆற்காடு ஜில்லா. இன்று திருவண்ணாமலை மாவட்டம். காஞ்சீபுரத்துக்கு அருகில், பெரிய ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்.

ஒரு முறை எழுதியதோடு விஷயம் முடியவில்லை. 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் அதே கிராமங்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். தமிழக அரசின் நிதிச் செயலாளராக இருந்த எஸ். குகனும், கே. பரதனும் 1980களில் தூசியை மீண்டும் ஆராய்ந்து எழுதினார்கள்.

இதனால் என்ன லாபம்? தாத்தா காலத்துக் கணக்கும், பேரன் காலத்துக் கணக்கும் ஒரே ஊருக்குக் கிடைத்தன. "அந்தக் காலம்தான் நல்ல காலம்" என்று ஒருவர் சொன்னால், உண்மையா என்று புரட்டிப் பார்க்கலாம்!

ஆரணிக்கு வந்த பெண்மணி

1973இல் இன்னொருவர் வந்தார். அவர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1969இல் கேம்பிரிட்ஜிலிருந்து டில்லி வரை தரை மார்க்கமாகவே கார் ஓட்டி வந்த துணிச்சல்காரர்!

கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இந்த ஜில்லாவின் நெல் கிராமங்களை ஆராய்ந்த சமயம் அது. புதிய ரக நெல்லால் யாருக்கு லாபம் என்பது கேள்வி. நெல் வயலை விட்டபின் எங்கே போகிறது, யார் கையில் எவ்வளவு தங்குகிறது என்று ஹாரிஸ்-ஒயிட் தேடினார். அதற்காக ஆரணியின் அரிசி மில், மண்டி, கடை என்று ஏறி இறங்கினார்.

பிறகு அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். ஆனாலும் ஆரணியை விடவில்லை. 1983இலும், 1990களிலும், அதற்குப் பிறகும் அந்த ஊரின் வியாபாரங்களை ஆராய்ந்தார். நாற்பது ஆண்டு மாறுதலைச் சொல்லும் புத்தகம் 2016இல் வந்தது. ஒரு சிறிய நகரத்தின் கடைத்தெரு, உலகம் படிக்கும் பாடமாகி விட்டது!

கூலி ஒன்று, கை மூன்று

சரி, இந்தப் படிப்பு நெசவாளி வீட்டுக்கு என்ன சொல்கிறது?

பாவும், ஊடையும், ஜரிகையும் முதலாளி கொடுக்கிறார். சேலை முடிந்ததும் கூலி கிடைக்கிறது. கூலி ஒருவர் பெயரில்தான். ஆனால் தறியில் உட்காருவது கணவர் என்றால், தார் சுற்றித் தருவது மனைவி. பாவு பிணைக்க, இழை எடுத்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். கூலியை மூன்று பங்காகப் பிரித்து, வேலை செய்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாள் கூலி எவ்வளவு சுருங்கி விடுகிறது!

முன்பணமும் அப்படித்தான். அதற்கு வட்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்க்கும் வரை, அதிகக் கூலி தருகிற வேறு முதலாளியிடம் போக முடியாது. அந்த நஷ்டமும் ஒரு வட்டிதான்!

வெளியில் கடன் வாங்கினால் "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்கிறார்கள். கேட்க லேசாக இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வருஷத்தில் 2,400 ரூபாய் வட்டியாகவே போய் விடும். அசல் அப்படியே நிற்கும்!

எழுதாத கணக்கு

தார் சுற்றும் பெண்ணின் உழைப்புக்குத் தனிக் கூலி இல்லை. தனிக் கூலி இல்லாததால் கணக்கிலும் அது ஏறுவதில்லை. கூலி உயர்வு பேசும் நாளில் அதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

இன்று ஆரணி, போளூர் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களும் உண்டு. "எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் படிப்பு தெரியாது" என்று அவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்ட விஷயங்கள், அவர்கள் அம்மாவுக்கு விரல் நுனியில் இருக்கின்றன.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் வரவு. ஒரு பக்கத்தில் செலவு. அடுத்த பக்கத்தில் கடனும் வட்டியும். இன்னொரு பக்கத்தில், வீட்டில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பது.

ஒரு வருஷம் விடாமல் எழுதினால், அடுத்த முறை கூலி பேசும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துக் கொண்டு போகலாம்!