குளிரில் டீசல் லோரி கிளம்ப மறுப்பது ஏன்? கேமரன் மலை ஏறும் ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

புந்தோங்கில் லோரி வைத்துப் பிழைப்பவர்களுக்கு வெயிலும் மழையும் பழகிப் போனவை. குளிரைப் பற்றி அவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் லோரி, பகலில் 32, 33 டிகிரி வெப்பத்தில் நின்றுவிட்டு, அன்றிரவே 15, 16 டிகிரி குளிரில் நிற்கிறது. கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1978 பிப்ரவரி முதல் தேதி பதிவானது. அங்கே பனிக்கட்டி உறைவதில்லை. இருந்தாலும் கடுங்குளிர் நாடுகளில் லோரியைக் காப்பாற்றும் பாடங்களில் பல, இங்குள்ள ஓட்டுநர்களுக்கும் உதவும்.

எண்ணெய் கெட்டியாவது எப்படி?

சமையல் எண்ணெய்ப் போத்தலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், அது வெள்ளையாகக் கலங்கிப் பிறகு கெட்டியாகிவிடும். டீசலுக்கும் இதுதான் நடக்கிறது. டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடும்போது அந்த மெழுகு சின்னஞ்சிறு துகள்களாகப் பிரிந்து டீசல் ஃபில்டரை அடைக்கும். இன்னும் குளிர்ந்தால் டீசல் கூழாகி, குழாயில் ஓடாது. டேங்கு நிறைய எண்ணெய் இருந்தும் இயந்திரத்துக்கு ஒரு சொட்டுகூடப் போய்ச் சேராது.

இதனால்தான் குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கப்படுகிறது. இந்தியாவின் லடாக்கில் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுவது நெடுங்காலமாகப் பெரும்பாடாக இருந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரை கெட்டியாகாத டீசலைப் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டு டீசலுக்கு இன்னொரு கதை உண்டு. 2019 முதல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலக்கப்படுகிறது. பி10 என்பது அதுதான். பால்மரம் நின்ற தோட்டங்களில் இன்று நிற்கும் செம்பனையின் பலன் நம் லோரி டேங்கிலும் இருக்கிறது. கலப்படமில்லாத செம்பனை டீசல் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கும். பத்தில் ஒரு பங்கு மட்டும் கலப்பதால் நம் வெப்பநிலையில் அது தொல்லை தருவதில்லை. குளிர் நாடுகளுக்கு விற்பதற்காக, உறைநிலைக்குக் கீழே 21 டிகிரி வரை ஓடக்கூடிய செம்பனை டீசலை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கியிருக்கிறது.

பேட்டரியும் குளோ பிளக்கும்

பெட்ரோல் வண்டியைப் போல டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கமாக அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. இரும்பும் காற்றும் சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்காகத்தான் குளோ பிளக் அல்லது உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கருவி பொருத்தப்படுகிறது. சாவியைத் திருகியதும் எரியும் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்வது நல்லது. விடாமல் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து பாழாகும்.

கடுங்குளிரில் பேட்டரியின் சக்தி பாதி அளவுக்குக் குறைந்துவிடும். அதே நேரத்தில் இயந்திர எண்ணெய் தடித்துப் போவதால் இயந்திரத்தைச் சுழற்ற அதிக சக்தி தேவைப்படும். குளிர் நாட்டு ஓட்டுநர்கள் 15டபிள்யூ-40 எண்ணெய்க்குப் பதில் 5டபிள்யூ-40 போன்ற இளகிய எண்ணெயை ஊற்றுவதும், இரவில் இயந்திரத்தை மின்சாரத்தால் சூடாக வைத்திருப்பதும் இதனால்தான். நம் ஊரில் பேட்டரியைத் தின்பது வெயில். வெயிலில் தேய்ந்த பேட்டரி ஈப்போவில் எப்படியோ சமாளித்துவிடும். பிரிஞ்சாங்கின் விடியற்காலைக் குளிரில் கைவிட்டுவிடும். மலைக்குப் போகுமுன் பட்டறையில் பேட்டரியைச் சோதித்துக்கொள்வது சிறிய செலவுதான்.

நம் லோரிக்கு எதிரி தண்ணீர்

கேமரன் மலைப் பயணத்தில் மெழுகை விடத் தண்ணீருக்கே அதிகம் அஞ்ச வேண்டும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று நிறைந்திருக்கும். இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் டேங்கின் சுவரில் துளித்துளியாக வழிந்து அடியில் தங்கும். செம்பனை கலந்த டீசல், சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து வழுவழுப்பான பாசியாகி ஃபில்டரை அடைக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்து வண்டி திணறினால், பல நேரங்களில் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இதைத் தடுக்க மூன்று பழக்கங்கள் போதும். இரவில் நிறுத்துமுன் டேங்கை நிரப்பி வைப்பது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேரும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்து வடிப்பது. ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன தூரத்துக்குள் மாற்றுவது. நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் லோரியில் பழைய டீசலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

தண்ணீர் உயிரோடு விளையாடும் இடம் இன்னொன்று உண்டு. அது பிரேக்கின் காற்றுத் தொட்டி. நம் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசர் அழுத்தும் காற்றோடு அதுவும் தொட்டிக்குள் போய்த் தண்ணீராகத் தேங்கும். குளிர் நாட்டில் அது உறைந்து பிரேக் வால்வை அடைக்கும். இங்கே வால்வைத் துருப்பிடிக்க வைக்கும்; காற்றுக்கான இடத்தையும் குறைக்கும். சுமையோடு சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் லோரிக்கு இது சாதாரண விஷயம் அல்ல. தினமும் காற்றுத் தொட்டியைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றும் வழக்கமும் மாற வேண்டும். பாதித் தண்ணீர், பாதி கூலண்ட் என்று கலந்தால் அது உறைநிலைக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. அதே கலவை, ஏற்றத்தில் எளிதில் கொதிக்காது. உள்ளே துருவும் பிடிக்காது.

செய்யக் கூடாதவை

வெளிநாட்டுக்கு லோரி ஓட்டப் போகிறவர்கள் அங்கு விற்கும் குளிர்கால டீசலையே நிரப்ப வேண்டும். கெட்டியாவதைத் தடுக்கும் மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். கெட்டியான பிறகு ஊற்றிப் பயனில்லை. ஆட்புளூ எனப்படும் யூரியா கரைசல் உறைநிலைக்குக் கீழே 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டேங்கின் அடியில் நெருப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் கலப்பதும் தீ ஆபத்தைக் கூட்டும். இன்றைய இயந்திரங்களின் உயரழுத்த பம்பையும் அழித்துவிடும்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டை இருந்தாலும், அடைபட்ட ஃபில்டரும் திணறும் இயந்திரமும் குடிக்கும் டீசலுக்கு எந்த அட்டையும் ஈடு கொடுக்காது. ஒரே லோரியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, நடுவழியில் நின்ற ஓர் இரவின் விலை அன்றைய வாடகை, வாடிப்போன காய்கறி, இழுவை வண்டிக் கட்டணம் மூன்றும் சேர்ந்தது. ஒரு ஃபில்டரின் விலை அதன் பக்கத்தில்கூட வராது.