சங்கிலி: வகையும் பயனும்

மனிதர் ஆக்கிய கருவிகளுள் சங்கிலியைப் போலப் பல வேடம் பூண்டது வேறொன்று உளதோ என்பது ஐயமே. ஆலய மண்டபத்திலே தூண்டாமணி விளக்கைத் தாங்குவது அது. யானையின் காலைப் பிணிப்பதும் அது. மணமகளின் கழுத்திலே தாலிக்கொடியாய் விளங்குவதும், கப்பலை நங்கூரத்தோடு கட்டி நிறுத்துவதும் அதுவே. இத்தகைய எளிய பொருளொன்றைப் பற்றி விழா மலரிலே எழுதுவானேன் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். ஊவா மாகாணத்து மலைகளின் வரலாற்றிலே சங்கிலிக்கு உரிய பங்கு சிறிதன்று. அதனை மாணாக்கர் அறிதல் நன்று என்னும் எண்ணமே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

முதற்கண் சொல்லை நோக்குவாம். சங்கிலி என்பது வடமொழிச் ‘சிருங்கலா’ என்பதன் திரிபு. தமிழிலே ‘தொடர்’ என்னும் பெயரும் இதற்குப் பண்டு தொட்டு உண்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிலிருந்து பாடியதாகக் கொள்ளப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டிலே நாயைக் கட்டிய சங்கிலி இச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றது. ‘தளை’ என்பதும் அத்தகையது. காலில் இடும் விலங்கு தளை. யாப்பிலே நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துவதும் தளை. முன்னையது மனிதரை நடவாமல் தடுக்கும். பின்னையது செய்யுளை நடக்கச் செய்யும். கட்டுவதும் இணைப்பதும் ஒரே பொருளின் இரு தொழில்கள் என்பதை நம் முன்னோர் ஒரு சொல்லிலேயே அடக்கி வைத்தனர்.

இனிச் சங்கிலியின் இயல்பைக் காண்பாம். வளையம் ஒவ்வொன்றும் விறைப்பானது. வளையங்கள் கோத்த சங்கிலியோ கயிறு போல் வளைவது. இரும்பின் வலியும் கயிற்றின் இணக்கமும் ஒருங்கே அமைந்தமையே அதன் சிறப்பு. எனினும் சங்கிலி இழுக்கும், தள்ளாது. அதன் வலிமையும் எல்லா வளையங்களின் கூட்டு வலிமையன்று. நூறு வளையங்களுள் ஒன்று தேய்ந்திருப்பின், தேய்ந்த அவ்வொன்று தாங்குமளவே முழுச் சங்கிலியும் தாங்கும். ஆதலாற் பாரந் தூக்குவோர் சங்கிலியை வளையம் வளையமாகப் பார்த்த பின்னரே கொக்கியில் மாட்டுவர்.

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்து மூலைகளிலே ஒற்றைக் கல்லிற் செதுக்கிய சங்கிலிகள் தொங்குகின்றன. சிற்பியின் கைத்திறனுக்கு அவை சான்று. ஆயினும் அவற்றாற் பாரம் இழுத்தல் இயலாது. கல் அமுக்கத்தைப் பொறுக்கும், இழுவையைப் பொறாது. கல்லுக்கு ஏற்ற வேலை வேறு. இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி ஓர் அழகிய வளைவாக அமையும். அவ்வளைவைத் தலைகீழாக்கிக் கல்லாற் கட்டினால் அது வில்வளைவாக நிலைத்து நிற்கும் என்னும் உண்மையை ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக் 1675இல் வெளியிட்டார். சங்கிலியில் எங்கும் இழுவை. வில்வளைவில் எங்கும் அமுக்கம். எல்ல, தெமோதரை நிலையங்களுக்கிடையே 1921இல் முற்றுப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம், உருக்குச் சட்டங்களின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டு, சுமார் 80 அடி உயரத்திற் புகையிரதத்தைத் தாங்கி நிற்பது இவ்விதியின் வலியாலேயே.

பயன் நோக்கிச் சங்கிலிகளை நால்வகையாக வகுக்கலாம். அவை தாங்குவன, இயக்குவன, அணிவன, அளப்பன என்பன.

தாங்குவனவற்றுள் பாரந் தூக்குஞ் சங்கிலிக்குக் குறுகிய வளையங்கள் அமையும். நங்கூரச் சங்கிலியின் பெரிய வளையங்களிலோ நடுவே குறுக்குக் கட்டை ஒன்று இருக்கும். வளையம் நசுங்காமலும் சங்கிலி முறுக்கிச் சிக்காமலும் அது காக்கும்.

இயக்குவனவற்றுக்கு யாவரும் அறிந்த சான்று துவிச்சக்கரவண்டியின் சங்கிலி. மான்செஸ்ரர் நகரிலே ஹான்ஸ் றெனோல்ட் என்பார் 1880இல் ஆக்கிய உருளைச் சங்கிலியே இதன் மூலம். தோல்வார் வழுக்கும், சங்கிலியோ பற்சில்லின் பற்களிலே பொருந்தி, சுற்றொன்றும் தவறாமற் சுழற்றும். தேயிலைத் தொழிற்சாலைகளிற் பன்னெடுங்காலம் பயின்று வந்த உலர்த்தும் யந்திரங்களிலும் இத்தகைய முடிவிலாச் சங்கிலிகளைக் காணலாம். துளையிட்ட தட்டுகளை அவை வரிசையாகச் சுமந்து செல்லும். உருட்டிப் பதமாகிய தேயிலை மேல் தட்டில் விழுந்து, தட்டுத் தட்டாகக் கீழிறங்கும். வெங்காற்று கீழிருந்து மேலெழும். சுமார் 20 நிமிடத்தில் ஈரம் நூற்றுக்கு மூன்றளவாகக் குறைந்து கருந்தேயிலை வெளிவரும். சங்கிலி விரைந்தால் தேயிலை வேகாது, தாமதித்தால் கருகும். நாம் பருகும் தேநீரின் சுவையிலே சங்கிலியின் வேகமும் கலந்துள்ளது எனலாம்.

அணிவனவற்றைப் பற்றி விரித்தல் வேண்டா. எட்டுக் கிராம் கொண்டது ஒரு பவுண் என்பதும், அப்பவுண் கணக்கிற் செய்த சங்கிலியே பல குடும்பங்களின் சேமிப்பு என்பதும் யாவரும் அறிவர். பிள்ளையின் படிப்புச் செலவுக்காகத் தாயின் கழுத்துச் சங்கிலி அடகுகடைக்குச் செல்வதும், சில வேளை மீளாதிருப்பதும் தோட்டப் பகுதிகளிற் புதியனவல்ல. இம்மலரைப் படிப்போருள்ளும் அத்தகைய சங்கிலியாற் கற்றவர் இருப்பர்.

எஞ்சிய அளவுச் சங்கிலியே இக்கட்டுரையின் உயிர்நிலை. எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1620இல் இதனை வகுத்தார். நீளம் 66 அடி, கண்ணிகள் 100, கண்ணி ஒன்று 7.92 அங்குலம். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை அடையாளந் தொங்கும். பத்துச் சங்கிலி ஒரு பேர்லாங்; எண்பது சங்கிலி ஒரு மைல். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உடைய பரப்பு ஒரு சதுரச் சங்கிலி. அத்தகைய பத்து ஓர் ஏக்கர். 12 சங்கிலி 50 கண்ணி நீளமும் 8 சங்கிலி அகலமும் உள்ள நிலம் 100 சதுரச் சங்கிலி. ஆகவே 10 ஏக்கர். புள்ளியை ஓரிடம் நகர்த்தினாற் கணக்கு முடிந்தது. மாணாக்கர் இந்நீளத்தை மைதானத்திலே நாடோறும் காண்கின்றனர். துடுப்பாட்டத்தில் இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட 22 யார் ஒரு சங்கிலியே.

அளப்போர் இருவர். முன்செல்பவர் பத்து இருப்பு அம்புகளை ஏந்திச் சென்று, சங்கிலி முடியும் இடந்தோறும் ஒன்றை நாட்டுவார். பின்வருபவர் அவற்றைப் பொறுக்குவார். சமநிலத்தில் இது எளிது. எம் மலைகளிலோ அன்று. நிலத்தின் பரப்பைக் கிடைமட்டத்திலேயே கணித்தல் விதியாதலின், சரிவிலே சங்கிலியைச் சிறிது சிறிதாகக் கிடையாகப் பிடித்து, குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் படிப்படியாக அளப்பர். நான்கு சங்கிலி கிடைத் தூரத்துக்கு மூன்று சங்கிலி உயரும் மலையிலே ஏறுபவர் நடக்கும் தூரம் ஐந்து சங்கிலி. படத்திலே விழுவது நான்கே. கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கும் பெண் ஏறியிறங்கும் தூரம் அளவைப் படத்தில் முழுமையாக இல்லை.

இச்சங்கிலி எம் மலைகளுக்கு வந்த வரலாறு வருமாறு. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. உரித்து எழுத்தில் இல்லாத காட்டு நிலமும் பயிரிடாத நிலமும் அரசுக்குரியன என்று கொள்ளும் சட்டம் 1840இல் வந்தது. பரம்பரையாக அக்காடுகளிலே சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த சிங்களக் கிராமத்தார் உரிமை இழந்தனர். அளந்து வகுத்த நிலம் 1840களின் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங் விலைக்கே கோப்பித் தோட்டக்காரர் கைக்குச் சென்றது. அந்நிலத்தைத் திருத்தத் தமிழகத்திலிருந்து வந்தவர் எம் முன்னோர். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும் அவர் நிலை மாறவில்லை.

அவர்கட்கு வாய்த்தது கண்ணுக்குப் புலனாகாத வேறொரு சங்கிலி. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாய் நின்றது. வேறு தோட்டம் செல்ல விரும்பினால், ‘கடன் இவ்வளவு, செலுத்தினால் ஆளை விடுவோம்’ என்று எழுதிய சீட்டு வேண்டும். ‘துண்டு’ என்பது அதன் பெயர். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை ஏற்கும். கடனோ ஆளோடு கூடவே செல்லும். இம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிந்தது. பின்னர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் ஒரு பகுதியினர் இந்தியா சென்றனர். எஞ்சியோரின் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றபோதும், லயத்தில் வாழ்ந்தவர் பெயரில் ஒரு கண்ணி நிலமும் எழுதப்படவில்லை.

2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிரிழந்தோரை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. லயத்துக்குப் பதில் தனி வீடு என்னும் கோரிக்கை அதன் பின்னர் வலுத்தது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாத அறிவிப்பின்படி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. 10 பேர்ச்சஸ் என்னும் பேச்சும் பின்னர் எழுந்தது.

ஏழு பேர்ச்சஸ் எவ்வளவு என்பதைச் சங்கிலியாலேயே காண்பாம். ஏக்கர் ஒன்றுக்கு 160 பேர்ச்சஸ். பேர்ச் ஒன்று 272¼ சதுர அடி. ஒரு சதுரச் சங்கிலி 16 பேர்ச்சஸ். ஆகவே 7 பேர்ச்சஸ் என்பது அரைச் சதுரச் சங்கிலியினும் குறைவு. சதுரமாக வகுத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 43 அடி 8 அங்குலம். மாணாக்கர்க்கு இன்னுமொரு கணக்குக் கூறுவாம். உராய்வாலும் இழுவையாலும் சங்கிலி நீளுவதுண்டு. ஆதலின் அதனை நியம அளவோடு அடிக்கடி ஒப்பிடுதல் வேண்டும். ஒரேயொரு கண்ணியளவு நீண்ட சங்கிலியால் அளந்து 100 ஏக்கர் என்று பதிந்த நிலம் உண்மையில் 102 ஏக்கருக்குச் சற்று மேல். எழுத்தில் ஏறாத அவ்விரண்டு ஏக்கர், ஏழு பேர்ச்சஸ் வீதம் 45 குடும்பங்களுக்குப் போதும். பெருந்தோட்டத்தின் அளவையிற் பிழையென்று கழியத்தக்க அளவே இவர்கட்கு வாழ்வு முழுவதுக்கும் உரிய காணியாகின்றது.

சங்கிலியிற் குற்றமில்லை. கூடுதலும் குறைதலும் அதன் முனையைப் பிடித்தவர் கையிலும், அளவை எழுதுவோர் எழுத்திலும், அவ்வெழுத்தைப் படிக்க அறிந்தோர் அறிவிலும் உள்ளன. இன்று நில அளவையாளர் கையில் இருப்புச் சங்கிலி இல்லை. உருக்கு நாடாவும், ஒளியால் தூரமளக்கும் கருவியும், செய்மதிவழி இடங்காணுங் கருவியும் அதன் இடத்தைக் கொண்டன. மீற்றர் முறையும் வந்தது. எனினும் காணிப் பேச்சிலும் பழைய உறுதிகளிலும் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்னும் சங்கிலிக் கணக்கே இன்னும் வாழ்கின்றது. காணி பெறுவோர் ஐந்தினை நோக்குதல் வேண்டும். பரப்பு எவ்வளவு? அளவைப் படத்தின் இலக்கம் யாது? நான்கு எல்லையும் பாதை உரிமையும் எழுதப்பட்டுளவா? கணவன், மனைவி இருவர் பெயரும் உளவா? கையிற் கிடைத்தது அனுமதிப்பத்திரமா, முழு உரித்துள்ள உறுதியா? சரிவான இடமாயின், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு பற்றி யாது கூறுகின்றது என்பதையும் கேட்டல் நன்று.

மாணாக்கர் 66 அடிக் கயிற்றிலே பத்து முடிச்சிட்டுக் கல்லூரி மைதானத்தை அளந்து பார்ப்பாராக. பின்னர் தம் வீட்டு எல்லையையும் அளப்பாராக. பழைய மாணவருள் நில அளவையாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், தலைமையாசிரியர் உளர். அவர் ஆண்டுக்கு ஒரு நாள் பசறையிலோ, நமுனுகுலையிலோ, அப்புத்தளையிலோ ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அமர்ந்து, மக்கள் கொண்டு வரும் காணிப் பத்திரங்களைப் படித்துப் பொருள் கூறுவாராயின், யூபிலி ஆண்டிற் கல்லூரி செய்யும் நற்பணிகளுள் அதுவும் ஒன்றாகும்.