டிராக்டர் கொட்டகைக்கு உறுதியான கான்கிரீட் தளம்!

ஒருமுறை சரியாகப் போட்டால், பிள்ளைகள் காலம் வரை உழைக்கும்

ஏழெட்டு லட்சம் ரூபாய் கொடுத்து டிராக்டர் வாங்குகிறோம். ரோட்டவேட்டர், கலப்பை, டிரெய்லர் என்று அடுத்தடுத்து சேர்கின்றன. நாலு கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டு, கொட்டகையும் தயாராகிவிடுகிறது. ஆனால், தரை மட்டும் மண்ணாகவே இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் கொட்டகைக்குள் சேறு. கழற்றி வைத்த போல்ட் சேற்றில் புதைந்துவிடும். கலப்பைக் கொழு துருப்பிடிக்கும். எலி வளை தோண்டும்.

இவற்றையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. டிராக்டரை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றி வேலை பார்க்கிறார்கள். 45 ஹெச்.பி டிராக்டரின் எடை சுமார் 2 டன். அதில் ஒரு பங்கு, உள்ளங்கை அகல ஜாக்கியின் அடித்தட்டு வழியாகத் தரையில் இறங்குகிறது. ஈர மண்ணோ, இரண்டு இன்ச் கனத்தில் பூசிய சிமென்ட் தரையோ அதைத் தாங்காது. தரை உள்வாங்கினால் ஜாக்கி சாயும். அந்த நேரத்தில் அடியில் ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைத் தரை அழகுக்கான செலவு அல்ல, உயிருக்கான பாதுகாப்பு.

வீட்டுத் தரை வேறு, டிராக்டர் தரை வேறு

‘வீட்டுக்குப் போட்ட மாதிரியே போட்டுவிடலாம்’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. வீட்டுக்குள் மனிதர்கள்தான் நடக்கிறார்கள். அதற்கு 3 அல்லது 4 இன்ச் பி.சி.சி போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டினால் போதும். டிராக்டர் நிற்கும் இடத்தில் 5 இன்ச் கனத்துக்குக் குறையாமல் எம்-20 தரக் கான்கிரீட் வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லரும் உள்ளே வரும் என்றால் 6 இன்ச் போடுவது நல்லது.

எம்-20 என்பதற்கு சிமென்ட் 1 பங்கு, மணல் அல்லது எம்-சாண்ட் 1.5 பங்கு, முக்கால் இன்ச் ஜல்லி 3 பங்கு. இந்த அளவைக் குத்துமதிப்பாகப் பாண்டுக் கணக்கில் போடும்போதுதான் கோளாறு நுழைகிறது. பாண்டைக் கூம்பாக நிரப்பினால் ஓர் அளவு, தலைதட்டி நிரப்பினால் வேறு அளவு. ஒரு மூட்டை சிமென்டின் கொள்ளளவு சுமார் 1.25 கன அடி. அந்த அளவில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்று அளந்து போட்டால் கலவைக்குக் கலவை தரம் மாறாது.

மண்ணைப் பார்த்து அடித்தளம்

கான்கிரீட் உடைவதற்கு, பெரும்பாலும் கான்கிரீட் காரணமாக இருப்பதில்லை. கீழே உள்ள மண் இறங்குவதுதான் காரணம். அதனால், வேலையில் பாதி மண்ணில்தான் இருக்கிறது.

முதலில் புல், வேர், மக்கு கலந்த மேல்மண்ணை அரை அடிக்கு வழித்து எடுத்துவிட வேண்டும். வேர் உள்ளே இருந்தால், அது மக்கிய பிறகு அந்த இடம் வெற்றிடமாகும். பிறகு கிராவல் மண்ணை அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். இரண்டு அடிக்கும் மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் திமிசு போட்டால், அடிமண் இறுகாது. பரப்பு பெரிதாக இருந்தால் ரோலர் வாடகைக்கு எடுக்கலாம். ஈரம் சற்று காய்ந்ததும் சொந்த டிராக்டரையே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். டயர் பள்ளம் விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் போலக் கரிசல் மண் உள்ள இடங்களில் கூடுதல் கவனம் தேவை. கரிசல் மழைக்கு உப்பும். வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் எத்தனை இன்ச் போட்டாலும் தரை தூக்கிக்கொண்டு உடையும். குறைந்தது இரண்டு அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டு, களிப்பு இல்லாத கிராவல் மண்ணை நிரப்பி இறுக்க வேண்டும். வெறும் ஆற்று மணலையோ எம்-சாண்டையோ நிரப்பக் கூடாது. அது தொட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கி, அடியில் உள்ள கரிசலை உப்ப வைத்துவிடும். கூரைத் தண்ணீர் கொட்டகை ஓரத்தில் விழாமல் தள்ளிப் போகும்படியும் செய்ய வேண்டும்.

இறுக்கிய மண் மீது ஒன்றரை இன்ச் ஜல்லி போட்டு, 1:4:8 விகிதத்தில் 3 இன்ச் பி.சி.சி போட வேண்டும். அது காய்ந்ததும் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை, ஓரங்கள் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க வேண்டும். மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது இந்த ஷீட்தான். உர மூட்டையோ விதையோ அதே கொட்டகையில் வைப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

கணக்கு இதுதான்!

20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள கொட்டகைக்கு 5 இன்ச் கனத்தில் எம்-20 தளம் போட, சேதாரத்தையும் சேர்த்துத் தேவைப்படுபவை:

கான்கிரீட் - 125 கன அடி (சுமார் 3.5 கன மீட்டர்)
சிமென்ட் - 30 மூட்டை
மணல் அல்லது எம்-சாண்ட் - 56 கன அடி (அரை யூனிட்டுக்குச் சற்று மேல்)
முக்கால் இன்ச் ஜல்லி - 112 கன அடி (ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்)
8 மி.மீ கம்பி, 10 இன்ச் இடைவெளியில் இரு பக்கமும் - 90 முதல் 95 கிலோ

அடியில் போடும் பி.சி.சி இதில் சேராது. உள்ளூர் விலையைப் போட்டுப் பெருக்கினால், ஒப்பந்தக்காரர் சொல்லும் தொகை நியாயமா என்று தெரிந்துவிடும். எம்-சாண்ட் வாங்கும்போது கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். மாவு மாதிரி தூசி அதிகம் ஒட்டினால், அது கான்கிரீட்டுக்கு ஆகாது.

கட்டம் கட்டமாகப் போடுங்கள்

கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் எங்காவது வெடித்தே தீரும். நாம் சொல்லும் இடத்தில் அதை வெடிக்க வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். 5 இன்ச் தளத்துக்குப் பத்து அடிக்கு ஓர் இணைப்பு இருக்க வேண்டும். 20-க்கு 15 அடி தரையை, பத்து அடிக்கு ஏழரை அடி என நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் இருப்பதுபோல எதிரெதிர்க் கட்டங்களை முதல் நாள் போட்டு, மற்ற இரண்டையும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போட்டால், ஆள் நின்று தேய்க்கவும் வசதி.

கம்பி வலையையும் கட்டத்துக்குக் கட்டம் தனியாகவே கட்ட வேண்டும். வலை அடியில் கிடந்தால் பயன் இல்லை. மேல்மட்டத்திலிருந்து இரண்டு இன்ச் கீழே இருக்கும்படி, கட்டை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ‘கலவையைக் கொட்டிவிட்டுக் கம்பியைத் தூக்கிவிடலாம்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. மிதித்து மிதித்து அது அடிக்கே போய்விடும்.

டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கும் இணைப்புகளில் 16 மி.மீ கனமுள்ள, முறுக்கு இல்லாத வழவழப்பான கம்பியை ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, ஓர் அடி இடைவெளியில் பாதி இந்தக் கட்டத்திலும் பாதி அந்தக் கட்டத்திலும் இருக்கும்படி மட்டமாக வைக்கலாம். ஒரு பாதியில் கிரீஸ் தடவிவிட வேண்டும். தளம் சுருங்கும்போது கம்பி நகர இடம் கொடுக்கும். அதேசமயம், ஒரு கட்டம் மட்டும் தனியாக இறங்காமல் பிடித்துக்கொள்ளும். சுவரும் கம்பமும் தளத்தைத் தொடும் இடங்களில் அரை இன்ச் தெர்மாகோல் வைக்க வேண்டும்.

தரைமட்டம் வெளி மண்ணைவிட அரை அடி உயரமாக இருப்பது அவசியம். உள்ளிருந்து வாசலை நோக்கி 20 அடிக்கு இரண்டரை இன்ச் வாட்டம் கொடுத்தால், கழுவிவிடும் தண்ணீர் தேங்காது. கலவை வருவதற்கு முன்பே டியூப் லெவல் பிடித்துக் குறி போட்டுவிட வேண்டும்.

தண்ணீரில்தான் இருக்கிறது தரம்

“தண்ணி கொஞ்சம் சேர்த்தாத்தாண்ணே இழுக்க வரும்!” என்று கொத்தனார் சொல்வார். அவர் கஷ்டம் நியாயமானதுதான். ஆனால், தண்ணீர் கூடும்போது கான்கிரீட்டின் பலம் குறைகிறது, வெடிப்பும் கூடுகிறது. எம்-20 கலவைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ் 456). அதாவது, 15 லிட்டர் வாளியால் இரண்டே வாளி. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். இறுக்கமான கலவையை இறக்கி நிரப்ப வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த வாடகை, தரையை உடைத்து மறுபடி போடும் செலவில் ஒரு சிறு பங்குகூட வராது.

கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட வேண்டும். சற்று நேரத்தில் மேலே தண்ணீர் கசியும். அது தானாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காய்ந்த சிமென்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அன்றைக்குத் தரை பளபளவென்று தெரியும். ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி பெயரும். கசிவு வற்றியதும் மணியாசுக் கட்டையால் தேய்த்து, கடைசியில் விளக்குமாற்றை ஒரே திசையில் லேசாக இழுத்துவிட்டால், எண்ணெய் சிந்தினாலும் கால் வழுக்காது.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்

தளம் போட்ட மறுநாளே களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாதாரண ஓ.பி.சி சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள்கள்; சாம்பல் கலந்த பி.பி.சி சிமென்டுக்கு 10 நாள்கள். வெயில் காலத்தில் முறையே 10 நாள்கள், 14 நாள்கள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி தெளித்தால் அது நீராற்றுதல் ஆகாது. தரை இடையில் காயவே கூடாது. தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. சித்திரையில்தான் முடியும் என்றால், அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஏழாம் நாள் தளம் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால், முழு பலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். டிராக்டரை ஏற்ற 28 நாள்கள் பொறுத்திருப்பதே நல்லது.

போட்ட பிறகும் கவனம் தேவை

அம்மோனியம் சல்பேட் உரம் ஈரத்தோடு சேர்ந்தால் கான்கிரீட்டை அரிக்கும். பொட்டாஷ் உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். அதனால், உர மூட்டைகளைத் தரையில் நேரடியாக அடுக்காமல் மரப்பலகை மீது வைக்க வேண்டும். சிந்தியதை உடனே கூட்டி எடுக்க வேண்டும். பேட்டரி அமிலம் சிந்தினால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எவ்வளவு நல்ல தளமாக இருந்தாலும், ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைத்துத் தாங்கலாக நிறுத்தாமல், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது.

வாசகர் கேள்விகள்

‘பழைய சிமென்ட் தரை வெடித்திருக்கிறது. அதன் மேலேயே ஒரு இன்ச் பூசிவிடலாமா?’

கூடாது. மெல்லிய பூச்சு டிராக்டர் பாரத்தில் பெயர்ந்துவிடும். வெடிப்பின் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், கீழே மண் இளகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியை உடைத்தெடுத்து, மண்ணை இறுக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். வெடிப்பு மயிரிழை அளவில், இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் இறங்காமல் அடைத்துவிட்டால் போதும்.

‘ரெடிமிக்ஸ் லாரி வரவழைக்கலாமா?’

வரவழைக்கலாம். தரம் ஒரே சீராக இருக்கும். ஆனால், லாரி வந்தவுடன் கொட்டி முடிக்கப் போதிய ஆள் வேண்டும். அளவு குறைவாக இருந்தால் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கும் இடத்தில் லாரிக்குள் தண்ணீர் ஊற்ற அனுமதிக்காதீர்கள்.

‘அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’

ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. அந்த இடத்தில் விதை, உரம் எதையும் வைக்க வேண்டாம்.

‘இதே தளத்தை மாட்டுக் கொட்டகைக்கும் போடலாமா?’

போடலாம். மாடு மட்டும் நிற்க 4 இன்ச் கனம் போதும். வாட்டத்தை 50 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால் மாடு வழுக்கி விழுந்து கால் ஒடியும். ஈரமாக இருக்கும்போதே கோடு கோடாகப் பள்ளம் இழுத்துவிட வேண்டும்.