ஹாலுக்குள் ராட்சதச் சிப்பி... வெளிச்சத்தில் வாழும் உயிரை வீட்டில் வளர்க்கலாமா?

மொபைலில் ஒரு வீடியோ ஓடுகிறது. பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே பவளப்பாறை. நடுவில் மயில் கழுத்து நிறத்தில் மின்னும் ஒரு சிப்பி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. "இதை நம்ம ஹால்லயும் வைக்கலாமாப்பா?" என்று பிள்ளைகள் ஆரம்பிக்கிறார்கள். அபிராமபுரத்தில் ஓர் அப்பார்ட்மென்ட், ஏற்கெனவே கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகிய குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கும் உள்ளூர ஆசை வந்துவிடும். பட்டினப்பாக்கம் கடற்கரை வேறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே!

அந்தச் சிப்பியைத் தமிழில் ராட்சதச் சிப்பி என்கிறார்கள். அறிவியல் பெயர் டிரைடாக்னா. நம் மீனவர்கள் மட்டி என்று சொல்லும் வகையின் பெரிய அண்ணன். இந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிதான டிரைடாக்னா ஜைகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், எடை 200 கிலோவைத் தாண்டும். பாரிஸின் செயின்ட் சல்பீஸ் தேவாலயத்தில் புனித நீர் வைத்திருக்கும் இரண்டு பாத்திரங்கள் இதன் ஓடுகள்தான். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் தேடுவது அவ்வளவு பெரியதை அல்ல. சுமார் 15 சென்டிமீட்டரில் நின்றுவிடும் குரோசியா, 30 சென்டிமீட்டர் வரை போகும் மேக்ஸிமா, அதைவிடக் கொஞ்சம் பெரிதான ஸ்குவாமோசா ஆகியவைதான் அவர்களுடைய விருப்பம்.

வெயிலில் விவசாயம்

மற்ற சிப்பிகள் தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சாப்பிட்டு வாழ்பவை. ராட்சதச் சிப்பியும் அதைச் செய்யும். ஆனால், அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி வேறு வழியில் கிடைக்கிறது. ஓட்டுக்கு வெளியே விரியும் வண்ணச் சதை மடிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சிப்பி பகலெல்லாம் அந்த மடிப்பை வெயிலுக்கு விரித்து வைக்கிறது. பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரித்து, வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவும் நைட்ரேட்டும் பாசிகளுக்கு உரம். நடமாட முடியாத ஒரு பிராணி, தன் உடம்பையே வயலாக்கி விவசாயம் பார்க்கிறது!

அந்த மயில் கழுத்து நிறத்துக்கும் காரணம் உண்டு. சதையின் மேற்பரப்பில் இருக்கும் சிறப்பு செல்கள், வரும் ஒளியைச் சிதறடித்து உள்ளே இருக்கும் பாசிகளுக்குப் பங்கு போடுகின்றன. தேவையில்லாததைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வருவதைத்தான் நாம் நீலம், பச்சை என்று ரசிக்கிறோம். மடிப்பின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான குட்டிக் கண்களும் உண்டு. உருவங்கள் தெளிவாகத் தெரியாவிட்டாலும் நிழல் விழுவது தெரியும். தொட்டிக்கு முன்னால் கையை ஆட்டினால் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். (கடலில் குளிப்பவர் காலைக் கவ்விப் பிடித்து மூழ்கடிக்கும் என்பதெல்லாம் கதை. பெரிய சிப்பிகள் மெதுவாகத்தான் மூடும்.)

வளர்ப்பவர் தர வேண்டிய முதல் சாப்பாடு வெளிச்சம் என்பது இதிலிருந்தே புரியும். மீன் தொட்டியில் மாட்டும் சாதாரண டியூப் லைட் இதற்குப் பசி அடங்காது. பவளப்பாறைத் தொட்டிகளுக்கென்றே வரும் சக்திவாய்ந்த எல்.இ.டி விளக்கு தேவை. அதிலும் மேக்ஸிமாவும் குரோசியாவும் அதிக வெளிச்சம் கேட்கும். புதிதாக வந்த சிப்பியை எடுத்த எடுப்பில் விளக்குக்குக் கீழே வைத்துவிடவும் கூடாது. அடியில் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக மேலே கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ஓடு. அது வளர வளர, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காரத்தன்மையையும் டெஸ்ட் கிட் வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். சுகர் டெஸ்ட் மாதிரிதான், விட்டுவிட்டால் தெரியாமலே ஏறும், இறங்கும்.

சென்னைத் தண்ணீர், சென்னை வெயில்

'கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு கேன் பிடித்து வந்தால் போதாதா?' என்று தோன்றும். போதாது. அடையாறும் கூவமும் வந்து கலக்கும் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் சேர்ந்தே வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பின் அளவும் இறங்கிவிடும். அதனால், ஆர்.ஓ மூலம் சுத்திகரித்த தண்ணீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலப்பதே வழக்கம். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. 400 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்பவே 14 கிலோ உப்பு! பிறகு தண்ணீர் மாற்றும்போதெல்லாம் இதே வேலை. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் தாமிர மருந்து சிப்பிக்கு விஷம். ஹாலில் அடிக்கும் பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயும் தொட்டிக்கு ஆகாது.

சூடு இன்னொரு தலைவலி. இத்தகைய தொட்டிகளை 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் சென்னை வீட்டு ஹால் என்ன சூட்டில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விளக்கின் சூடு, பம்புகளின் சூடு வேறு. ஃபிரிட்ஜ் போலக் கம்ப்ரஸர் வைத்த சில்லர் இல்லாமல் சரிப்படாது. அதுவும் மின்சாரம் இருக்கும் வரைதான். 2016-ல் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. தண்ணீர் சுழலாமல் நின்றால் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறையத் தொடங்கும். லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்று பார்த்து வீடு வாங்குபவர்கள், தொட்டிக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் சமாளித்த பிறகும் எதிரிகள் உண்டு. சில ஏஞ்சல் மீன்கள் சதை மடிப்பைக் கொத்தித் தின்னும். அரிசி மணி அளவில் வெள்ளை நத்தைகள் சிப்பியோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். ராத்திரியில் வெளியே வந்து சிப்பியின் சாற்றை உறிஞ்சும். விளக்கை அணைத்த பிறகு டார்ச் அடித்து ஓட்டின் ஓரத்தைப் பார்த்தால்தான் சிக்கும். பாறையோடு நார்களால் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பிடுங்கி இடம் மாற்றுவதும் ஆபத்து. நார் சுரக்கும் இடம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். நிழல் விழுந்தும் மூடாமல் வாயைப் பிளந்தபடி கிடந்தால் முடியும் தறுவாய் என்று அர்த்தம். இறந்த சிப்பியை உடனே எடுக்காவிட்டால் அது அழுகி, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

முதல் கேள்வி வேறு!

உண்மையில் லைட், சில்லருக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தச் சிப்பி எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் இவை வாழும் முக்கிய இடங்கள் லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபார் தீவுகளும். மேக்ஸிமா, ஸ்குவாமோசா ஆகிய இரண்டும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை! பாறையைக் கட்டும் கடினப் பவளங்களும் அப்போதே சேர்ந்தன. முதல் அட்டவணை உயிரினங்களைப் பிடித்தால், விற்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வெளிநாட்டிலிருந்து வருபவைக்கும் கணக்கு உண்டு. எல்லா ராட்சதச் சிப்பிகளும் 1985-லிருந்து சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சைட்டீஸ் பட்டியல் உயிரினங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்யவும் வேண்டும். 'பேப்பரெல்லாம் எதுக்கு சார்?' என்று விற்பவர் சொன்னால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. கறிக்காகவும் ஓட்டுக்காகவும் உலகம் முழுவதும் இவற்றை வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் பலாவான் பகுதியில் ஒரே இடத்தில் சுமார் 200 டன் ஓடுகள் பிடிபட்டன. தந்தத்துக்குப் பதிலாகச் செதுக்குவதற்கு இந்த ஓட்டுக்குச் சந்தை இருக்கிறது. இன்னொரு பக்கம் கடல் சூடாகிறது. 2024 கோடையில் லட்சத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததைக் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. அதே சூட்டில் சிப்பியின் பாசிகளும் வெளியேறி, அதுவும் வெளுத்துப்போகும்.

பண்ணையில் பிறந்த சிப்பிகள் இல்லாமல் இல்லை. பசிபிக்கில் இருக்கும் பலாவ் என்ற குட்டி நாட்டில் 1980-களிலேயே முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். வெளிநாடுகளில் வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் சிப்பிகளில் பல இத்தகைய பண்ணைகளில் பிறந்தவை.

கடல் தொட்டி ஆசையை விட முடியாதவர்கள் நீமோ மீனிலிருந்து தொடங்கலாம். அதைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் செய்து காட்டியிருக்கின்றன. கடையில் கேட்கும்போது 'குஞ்சு பொரிச்சதா, கடல்ல பிடிச்சதா?' என்று கேட்டு வாங்கலாம். ஒரு வருடம் அந்த உப்புத் தண்ணீரைச் சமாளித்தால் சிப்பியைப் பற்றிய ஆசை தெளிந்துவிடும், அல்லது தீர்ந்துவிடும்.

ராட்சதச் சிப்பியை நேரில் பார்க்க விரும்பும் பிள்ளைகளை அடுத்த லீவில் அந்தமான் அழைத்துப் போகலாம். வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் அடியில் கண்ணாடி பதித்த படகுகள் ஓடுகின்றன. ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளில் ஏதாவது ஒன்று திறந்திருக்கும். வெயில் நன்றாக ஏறிய நேரமாக, தண்ணீர் கலங்காத நாளாகப் பார்த்துப் போங்கள். பாறை இடுக்கில் நீல நிற உதடு போல ஏதாவது தெரிந்தால், அதுதான். ஒரே ஒரு விஷயம், கரையில் கிடக்கும் ஓட்டைக்கூட பேக்கில் போட்டுக்கொள்ள வேண்டாம். திரும்பும்போது ஏர்போர்ட்டில் பார்த்துவிடுவார்கள்.