ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் பெட்ரோல் குழாய்களும் புகைக் குழாய்களும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் ஆகும். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது. எனவே இரண்டின் குழாய் அமைப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது.

இக்குழாய்களை இன்று மாற்ற வேண்டியிருப்பதற்கு வயது மட்டும் காரணமல்ல. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாகி, பின்னர் நாடெங்கும் பரவியது. 1960களின் ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதன்று. அது ஊறி மென்மையாகும், காய்ந்தால் வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கக்கூடும்.

பெட்ரோல் டேங்கிலிருந்து உலோகக் குழாய் வழியாக இன்ஜின் பக்கத்திலுள்ள பம்புக்கும், அங்கிருந்து கார்பரேட்டருக்கும் செல்கிறது. இணைப்புகளில் மட்டும் ரப்பர் துண்டுகள் இருக்கும். பம்புக்குப் பின்னால் அழுத்தம் உண்டு; அங்கே வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் கசியும், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பகுதி. இங்கே வெடிப்பு விழுந்தால், வண்டி ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் வராமல் காற்று உள்ளே போகக்கூடும். வண்டி ஏற்றத்தில் திணறும். கார்பரேட்டரைப் பலமுறை கழற்றிச் சுத்தம் செய்தும் சரியாகாத பல வண்டிகளில் குறை டேங்கின் அருகிலுள்ள ஓர் அங்குல ரப்பரில்தான் இருக்கிறது.

புகைக் குழாயின் வேலை வேறு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, இன்ஜினின் அடிப்பகுதியில் எண்ணெய் ஆவியோடு கலக்கிறது. பழைய அமைப்பில் அது ஒரு திறந்த குழாய் வழியே சாலையில் விடப்பட்டது. பிந்தைய அமைப்பில் மீண்டும் இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கப்படுகிறது. இக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் வழியே எண்ணெய் கசியும். சீலை மாற்றினாலும் கசிவு நிற்காது. குழாய் வெடித்தால் கூடுதல் காற்று புகுந்து, ஐடிலிங் சீராக இராது.

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 1970களின் ஸ்பிட்ஃபயர்களில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரித்தூள் கலனும் அதற்கான குழாய்களும் கூடுதலாக உண்டு. இந்தியாவில் பெட்ரோல் கார்களுக்குப் புகை அளவு விதிகள் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தன. ஹெரால்ட் உற்பத்தி அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. அமெரிக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு ஹெரால்டில் இல்லாத குழாயைத் தேடுவது வீண்.

புதிய குழாய் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்றிருந்தால் அதன் உட்பூச்சு எத்தனாலைத் தாங்கும். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பெட்ரோலில் உப்பிவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் சில மாதங்களில் விறைத்து, இணைப்பிலிருந்து நழுவும். தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண இரும்புக் கிளிப்பை அரித்துவிடுவதால், துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பே ஏற்றது.

இன்ஜின் ஆறிய பின், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் மாற்றுவது நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எது எங்கே போனது என்ற குழப்பம் வரும். புதிய குழாய்களுடன் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் நிறுத்திய பின் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.