உலோகங்காட்டி ஊமையானால்

தசராக் காலத்தில் மைசூர் அரண்மனை வாயிலில் நின்றிருக்கும் நேயர்களுக்கு அந்தக் காட்சி நன்கு நினைவிருக்கும். வெளியே ஆயிரக்கணக்கான மக்கள். உள்ளே, இருள் கவிந்ததும் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் சுடர்விடப் போகும் மாளிகை. இரண்டுக்கும் நடுவே கதவில்லாத நிலைபோல் நிறுத்திய ஒரு சட்டம். அதனருகே, பெரிய அகப்பையை ஒத்த ஒரு கருவியைக் கையில் ஏந்திய காவலர். சட்டத்தின் ஊடே நாம் நடக்கிறோம். காவலர் கருவியை நம் தோளிலிருந்து முழங்கால் வரையில் ஒருமுறை வீசுகிறார். ஓசை எழவில்லை. உள்ளே போகிறோம்.

ஓசை ஏன் எழவில்லை? ஐயத்துக்குரிய உலோகம் எதுவும் நம்மிடம் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கருவிக்கே உயிர் இல்லை என்பது மற்றொரு காரணமாக இருக்கலாம். வானொலிப் பெட்டி கெட்டால் பாட்டு நின்றுவிடும்; மின்விசிறி கெட்டால் உடல் வேர்க்கும்; கெட்டது தெரிந்துவிடும். உலோகங்காட்டியோ, கெட்டுக் கிடக்கும்போதும் ‘குற்றமில்லை, போகலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் அது எழுந்திராதபோது செய்ய வேண்டியதை வாயிலில் நிற்பவரே அறிந்திருப்பது அவசியமாகிறது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் மைசூர் நீதிமன்ற வளாகத்தின் பொதுக் கழிப்பறையில் ஒரு குண்டு வெடித்தது. தேசியப் புலனாய்வு முகமை வழக்கை நடத்தியது. 2021-இல் பெங்களூருத் தனி நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது. வாயிற் சோதனை வெறும் சடங்கன்று என்பதற்கு அந்நகரத்தாருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அதன் தலைப்பகுதியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றிலும் காந்தப் புலம் ஒன்று பிறந்தும் மாறியும் கொண்டிருக்கிறது. அப்புலத்தில் ஒரு சாவியோ கத்தியோ வந்தால், அந்த உலோகத்துக்குள்ளேயே சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, புலத்தைச் சற்றே குலைக்கின்றன. அந்தக் குலைவை உணர்ந்துதான் கருவி கூவுகிறது.

தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே இத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டு, குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்த காலம் அது. ஜூலை 26-ஆம் நாள் பெல் தம் கருவியைக் கொண்டு சென்றபோது அது வேண்டாத இரைச்சலை எழுப்பிற்று. ஓர் இணைப்பைத் தவறாகப் பூட்டியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆகஸ்டு 1-இல் மீண்டும் முயன்றார். இப்போது பரந்ததோர் இடமெங்கும் ஓசை கேட்டது. நோயாளியின் மெத்தையில் எஃகுச் சுருள்வில்கள் இருந்தன! குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியிருந்தார். அது கிடந்ததோ இடப்பக்கத்தில். செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு மறைந்தார். உலகறிந்த மேதையின் கையிலேயே ஒரு கம்பி இடம் மாறிப் போயிற்றென்றால், நம் வாயிற்காவலரின் கையில் உள்ள கருவியில் ஒரு கம்பி கழன்றிருப்பதில் வியப்பென்ன?

வயலுக்கு நீர் வரவில்லையென்றால் உழவர் பயிரைக் கடிந்துகொள்வதில்லை. மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். மைசூர்ப் பக்கத்தில் இந்த உவமைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. சிவசமுத்திரத்தில் விழும் காவிரி நீர்தான் 1902-இல் மின்சாரமாகிக் கோலார் தங்கவயல் வரையில் கம்பி வழியே ஓடிற்று. கருவி எழவில்லை என்றாலும் செய்ய வேண்டியது இதுவே: மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து தொடங்கி, அது போகும் வழியே நாமும் போவது.

கையில் ஏந்தும் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் மின்சாரம் புறப்படும் இடம் சதுரமான 9 வோல்டு பாட்டரி. அதனுள் 1.5 வோல்டு மின்கலங்கள் ஆறு தொடராக அடுக்கப்பட்டுள்ளன. இதை வோல்டுமானியால் அளந்து, ‘எட்டரை காட்டுகிறது, நல்லதுதான்’ என்று தீர்ப்புச் சொல்பவர் பலர். சுமையில்லாமல் அளக்கும் அளவு ஏமாற்றும். களைத்த பாட்டரி சும்மா இருக்கும்போது எட்டரை காட்டும். கருவியை முடுக்கியதும் ஐந்துக்கோ ஆறுக்கோ சரிந்துவிடும். ஆகவே பாட்டரியைக் கருவியில் பூட்டி, ஸ்விட்சைப் போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். மானி இல்லாதவர் கடையிலிருந்து உறை பிரிக்காத புதிய அல்கலைன் பாட்டரி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நேரான வழி. மின்னேற்றிப் பயன்படுத்தும் வகையில் ஒரு நுட்பம் உண்டு. அதில் ஒவ்வொரு கலமும் 1.2 வோல்டுதான். ஏழு கலம் கொண்டது 8.4 வோல்டும், ஆறு கலம் கொண்டது 7.2 வோல்டுமே தரும். மேலே 9 என்று அச்சிட்டிருந்தாலும் பிந்தியதைச் சில கருவிகள் ஏற்பதில்லை. பாட்டரி தீர்ந்தது என்று எண்ணி அடங்கிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் கருவிகளுக்கு இன்னொரு கேடு காத்திருக்கிறது. தசரா முடிந்ததும் பாட்டரியோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த தசராவுக்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிடுகின்றன. பாட்டரி கசிந்து, தகட்டு முனைகளில் வெண்மையான பொருக்குப் படிகிறது; மின்சாரம் அதைத் தாண்டாது. அல்கலைன் பாட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. புளிப்பு அதை முறிக்கும். ஆயுத பூசைக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தில் ஒரு மூடி போதும்! பஞ்சில் இரண்டு சொட்டுச் சாறு தோய்த்துத் தகட்டை மட்டும் துடைத்து, பின்னர் ஈரப் பஞ்சாலும், இறுதியில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சாலும் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பொருக்கை வெறுங்கையால் சுரண்டலாகாது. கண்ணில் பட்டால் துன்பம். ஆயுத பூசை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதில் எனக்கு மறுப்பில்லை. அதை ஒலிபெருக்கித் துளைகளின்மேல் அப்பாமல், கைப்பிடியின்மேல் இட்டால் பூசையும் நிறைவேறும், கருவியின் குரலும் கேட்கும்.

பாட்டரி நல்லது, முனைகளும் தூய்மை, ஆயினும் கருவி எழவில்லை என்றால்? சில ஆண்டுகளுக்கு முன் மைசூரில் ஒரு திருமண மண்டபத்துக்குச் சென்றிருந்தேன். வாயிலில் தமிழறிந்த முதிய காவலர் ஒருவர் கருவியை வீசிக்கொண்டிருந்தார். அதில் பச்சை விளக்கு எரியவில்லை என்பதைக் கண்டு, “பெரியவரே, இது வேலை செய்கிறதா?” என்று மெல்லக் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “நான்கு நாளாக இல்லை, ஐயா. மூன்று பாட்டரி மாற்றிவிட்டேன், மூன்றும் என் கைக்காசு. கெட்டது என்று சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்பார்கள்” என்றார்.

விருந்து முடிந்தபின் இருவருமாக மூடியைத் திறந்து பார்த்தோம். பாட்டரியின் தலையில் பொத்தான்போல் மாட்டும் தொப்பியிலிருந்து இரண்டு கம்பிகள் செல்கின்றன, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பாட்டரியை மாற்றும்போதெல்லாம் கம்பியைப் பிடித்தே இழுத்து வந்திருக்கிறார்கள். சிவப்புக் கம்பி மேலுறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றிற்று. மறுநாள் வானொலி பழுது பார்ப்பவர் ஒருவர் புதிய தொப்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு சிற்றுண்டியின் விலையைவிடக் குறைந்த செலவு. நான்கு நாள் அந்த வாயிலில் நடந்ததை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. அவரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை.

கம்பியும் நல்லதென்றால் அடுத்தது ஸ்விட்சு. அதனுள் தூசியும் கைவியர்வையும் சேர்ந்திருக்கும். இருபது முப்பது முறை போட்டு எடுத்தால் சில வேளைகளில் தானே உயிர்பெறும், ஆனால் அது நிலைக்காது, மாற்றிவிடுவதே நல்லது. மின்னேற்றியைச் செருகும் துளை உள்ள கருவிகள் சிலவற்றில், செருகியை உள்ளே விட்டதும் பாட்டரியைத் துண்டிக்கும் சிறிய வில்தகடு ஒன்று உண்டு. செருகியை எடுத்தபின்னும் அத்தகடு திரும்பாமல் சிக்கிக்கொண்டால் கருவி இறந்ததுபோல் கிடக்கும். செருகியை இரண்டு மூன்று முறை விட்டு எடுத்துப் பாருங்கள். கருவி ‘அதிர்வு’ நிலையில் வைக்கப்பட்டிருந்து, ஓசை வராததையே பழுது என்று மயங்குவதும் உண்டு.

நிலத்தை ஆராயும் பெரிய கருவிகளில் பேனா மின்கலங்களைத் தட்டில் அடுக்கிப் போடுவார்கள். எட்டுக் கலம் என்றால் 12 வோல்டு. அவற்றுள் ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் 10.5 வோல்டு கிடைக்கும் என்று நினைப்போம். அவ்வாறன்று, அந்த ஒன்று மற்றொன்றின் ஆற்றலையும் எதிர்த்து அழிப்பதால் 9 வோல்டே மிஞ்சும். பழையதையும் புதியதையும் கலந்து போடுவதும் இதைப் போன்ற பிழையே.

நிலைச் சட்டத்தின் கதை வேறு. அது 230 வோல்டு மின்சாரத்தில், பெரும்பாலும் ஓர் அடாப்டரின் வழியாக இயங்குவது. திருவிழாக்களில் தற்காலிகமாக இழுத்த கம்பியிலிருந்து அதற்கு மின்சாரம் தருகிறார்கள். முதலில் சட்டத்தைத் தொடாமல், அதே ‘சாக்கெட்’டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் குற்றம் சட்டத்தினுடையதன்று. மங்கலாக எரிந்தால் நெடுந்தூரம் இழுத்த மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வீணாகிறது என்று பொருள். நன்றாக எரிந்தால் பியூஸ், பிறகு அடாப்டர், பிறகு தலைப்பெட்டியில் உள்ள சாவி ஸ்விட்சு, பிறகு இரண்டு பக்கப் பலகைகளையும் தலைப்பெட்டியோடு இணைக்கும் கம்பிகள் என்று வரிசையாகச் செல்ல வேண்டும். சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருப்பதை மறந்துவிட்டு இயந்திரப் பழுது என்று ஆளனுப்புவதும் நடக்கக்கூடியதே. போன பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றுவது எக்காலத்திலும் கூடாது. பியூஸ் போனதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. மழையில் நனைந்த சட்டத்தை உலருமுன் முடுக்குவதும், செருகியை எடுக்காமல் பெட்டியைத் திறப்பதும் உயிருக்கு ஆபத்து. மின்தடைக்காக வைத்த 12 வோல்டு ஈய பாட்டரி ஓராண்டு மின்னேற்றமின்றிக் கிடந்திருந்தால் அதன் தகடுகள் சல்பேட் படிந்து பாழாகியிருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

விளக்கு எரிந்துவிட்டது என்பதனாலேயே கருவி எழுந்துவிட்டது என்று கொள்ளலாகாது. விளக்குக்கு மின்சாரம் வந்தும் சுருளுக்கு வராமல் இருக்கலாம். ஒவ்வொரு முறை காவல் மாறும்போதும் காவலர் தம் சாவிக்கொத்தின்மேல் கைக்கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நிலைச் சட்டமாயின், தெரிந்ததோர் உலோகப் பொருளைக் கணுக்காலருகிலும், இடுப்பருகிலும், தலையருகிலும் ஏந்தி மும்முறை கடக்க வேண்டும். ஓசை எழுந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த முதியவரைப் போன்றவர்கள் ‘கெட்டுவிட்டது’ என்று அச்சமின்றி எழுதுவதற்கும் அதே ஏட்டில் இடம் இருக்க வேண்டும்.

விசயதசமியன்று 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டேசுவரி எழுந்தருளி, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரையில் யானை ஊர்வலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் செல்கிறது. அன்று வாயிலில் ஒரு சட்டம் ஊமையானால் பழுது பார்க்க அவகாசம் இராது. அப்போது அந்த வழியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, மக்களைப் பக்கத்து வாயிலுக்குத் திருப்ப வேண்டும். அல்லது கைக்கருவியாலும் கையாலும் ஒவ்வொருவராகச் சோதிக்க வேண்டும். வரிசை நீளும், மக்கள் முணுமுணுப்பார்கள். கெட்ட கருவியைப் பழுதுக்கு அனுப்பும்போது, எந்த விளக்கு எரிந்தது, எது எரியவில்லை, முடுக்கிய நிலையில் பாட்டரி எத்தனை வோல்டு காட்டிற்று, கடைசியாக எப்போது ஓசை எழுந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டி அனுப்புங்கள். பாட்டரியைக் கழற்றித் தனியே உறையிலிட்டு வையுங்கள்.